அக்கா மகள் பிரசன்டேஷன் சபையில் சேர வேண்டும் என்கிறாள்: ராயபுரத்துக் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "நாங்கள் ராயபுரம். பிளஸ் டூ முடித்த என் அக்கா மகள் பிரசன்டேஷன் சபையில் சிஸ்டராகச் சேரப்போகிறேன் என்று ஒரே பிடியாக இருக்கிறாள். கான்வென்ட் பள்ளி நடத்துகிறவர்கள் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இவர்கள் யார், எப்படி மெட்ராசுக்கு வந்தார்கள், பள்ளிக்கூடம் தவிர என்ன செய்கிறார்கள்? சேர்ந்தால் அவள் வாழ்க்கை எப்படி இருக்கும்?"

நான் மண்ணடியில் பிறந்து வளர்ந்தவன். என் அம்மா சிஸ்டர்களிடம் படித்தவர். என் சித்தி வேறொரு சபையில் நாற்பது வருடமாகச் சிஸ்டர். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் உள்ளேயிருந்தும் பார்த்திருக்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நாம் "சிஸ்டர்" என்று பொதுவாகக் கூப்பிட்டாலும் எல்லாரும் ஒரே சபை கிடையாது. ராயபுரத்தில் நீலக் கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலையில் பார்த்திருப்பீர்களே, அவர்கள் அன்னை தெரசா 1950-ல் கல்கத்தாவில் தொடங்கிய சபை. சலேசிய சிஸ்டர்கள் தொன் போஸ்கோவும் மரிய மசரெல்லோவும் 1872-ல் இத்தாலியில் தொடங்கியவர்கள். 1922-ல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். பிரசன்டேஷன் சபை இந்த இரண்டையும்விடப் பழையது. ஒவ்வொரு சபைக்கும் தொடங்கியவர் ஒருவர் உண்டு. அவர் மனதைக் குடைந்த ஒரு காரணமும் உண்டு. அந்தக் காரணம் தெரிந்தால் சபையின் குணம் பாதி புரிந்துவிடும்.

'பிரசன்டேஷன்' என்பதற்குப் பொருள் காணிக்கை. குழந்தை மரியாளை அவருடைய பெற்றோர் சுவக்கீனும் அன்னம்மாளும் எருசலேம் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்ததாக ஒரு பழைய மரபு இருக்கிறது. நவம்பர் 21 அந்தத் திருநாள். சபையின் பெயர் அதிலிருந்து வந்தது. ஆனால் தொடங்கியவர் வைத்த பெயர் இது இல்லை. அவர் வைத்தது "இயேசுவின் திருஇருதயத்தின் அறக்கல்வி சகோதரிகள்" என்ற பொருள் தரும் நீளமான பெயர். 'கல்வி' என்ற சொல் அதில் இருக்கிறது, பாருங்கள்.

அவர் பெயர் நேனோ நேகிள். 1718-ல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், பாலிகிரிஃபின் என்ற ஊரில் பிறந்தவர். வசதியான குடும்பம், ஆனால் கத்தோலிக்கக் குடும்பம். அன்றைக்கு அயர்லாந்தை ஆண்ட ஆங்கிலேயச் சட்டப்படி கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது. பிள்ளையைப் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். பணக்காரர்கள் சட்டத்துக்குத் தெரியாமல் பிரான்சுக்கு அனுப்பினார்கள். நேனோவும் அப்படிப் போனவர்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு எந்த வழியும் இல்லை.

பாரிசில் நேனோ ஆசை ஆசையாகப் பட்டுத்துணி வாங்கி வைத்திருந்தார். அயர்லாந்தில் வீட்டுக்கு வந்தபின் அதைத் தேடினால் காணோம். தங்கை ஆன் அதை விற்று ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாள். கொஞ்ச காலத்தில் ஆன் இறந்துபோனாள். அந்தப் பட்டு நேனோவை விடவே இல்லை. முதலில் பிரான்சில் ஒரு மடத்துக்குப் போய் செபத்திலேயே காலம் கழிக்க நினைத்தார். அங்கே அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்த சேசு சபைக் குருவானவர், உன் வேலை அயர்லாந்துப் பிள்ளைகளிடம் இருக்கிறது, திரும்பிப் போ என்றார்.

திரும்பி வந்து 1750-களின் தொடக்கத்தில் கார்க் நகரில், கோவ் லேன் என்ற சந்தில் ஒரு குடிசையில் சுமார் முப்பது பெண்பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மாட்டினால் குடும்பமே சிக்கலில் மாட்டும். அண்ணன்தம்பிகளில் ஒருவருக்கு விஷயம் தெரியவந்த விதத்தை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு ஏழை மனிதர் அந்தச் சகோதரரிடம் வந்து, உங்கள் சகோதரியிடம் சொல்லி என் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினாராம். அவர் வீட்டுக்கு வந்து, இப்படி ஒரு பைத்தியக்காரன் வந்தான், நீ பள்ளிக்கூட டீச்சராம் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆமாம், பள்ளி நடத்துகிறேன் என்று நேனோ ஒத்துக்கொண்டதும் சிரிப்பு போய் கோபம் வந்துவிட்டது. அப்புறம் மெல்ல மெல்லக் குடும்பமே பக்கபலமாக நின்றது. சித்தப்பாவிடமிருந்து வந்த சொத்தும் பள்ளிகளுக்குப் போனது. சில வருடங்களிலேயே ஏழு பள்ளிகள் ஆகிவிட்டன, ஐந்து பெண்களுக்கு, இரண்டு ஆண்களுக்கு.

பகலில் பள்ளி. இருட்டியதும் கையில் ஒரு விளக்கோடு சந்துசந்தாகப் போய் நோயாளிகளையும் வயதானவர்களையும் பார்ப்பார். கார்க் மக்கள் அவரை விளக்கேந்திய சீமாட்டி என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த நாட்டுப் பிரசன்டேஷன் பள்ளிக்குப் போனாலும் அந்த விளக்கைப் படத்திலோ சின்னத்திலோ பார்க்கலாம்.

இனி வரும் பகுதிதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது. தனக்குப் பின்னால் பள்ளிகளை யார் பார்ப்பார்கள் என்று நேனோ கவலைப்பட்டார். தன் செலவில் மடம் கட்டி, பிரான்சிலிருந்து உர்சலைன் சபையை 1771-ல் கார்க்குக்கு வரவைத்தார். ஆனால் அவர்கள் அடைபட்ட மடத்துக் கன்னியர். மடத்துச் சுவரைத் தாண்டி வெளியே கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. சுவருக்குள் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம், சந்துக்குள் போக முடியாது. நேனோவுக்கு வேண்டியது சந்துக்குள் போகிறவர்கள். அதனால்தான் 1775 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மூன்று தோழிகளோடு புதிதாக ஒரு சபையையே தொடங்கினார். அப்போது அவருக்கு 57 வயது. 1777 கிறிஸ்துமஸ் அன்று ஐம்பது ஏழைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் கையால் சாப்பாடு பரிமாறினார். 1784 ஏப்ரல் 26-ல் இறந்தார்.

அவர் போன 21 வருடத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1805-ல் ரோமாபுரியில் போப்பாண்டவர் நேனோவின் சபையை முழுமையாக அங்கீகரித்தார். அங்கீகாரத்தோடு அடைபட்ட மடத்து ஒழுங்கும் வந்து சேர்ந்தது. எந்தச் சுவர் வேண்டாம் என்று நேனோ புதுச் சபை தொடங்கினாரோ, அந்தச் சுவருக்குள்ளேயே அவர் மகள்கள் போய்விட்டார்கள். அன்றைய திருச்சபைச் சட்டத்தில் பெண்கள் முழுத் துறவியாக வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. சுவர் இல்லாத சபைகளையும் முறையான துறவற சபைகளாக ரோமாபுரி ஏற்றுக்கொண்டது 1900-ல்தான். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

மெட்ராசுக்கு வந்தது இந்தச் சுவருக்குள் இருந்த தலைமுறை. 1841-ல் மெட்ராஸ் ஆயராக, அதாவது பிஷப்பாக, பொறுப்பேற்ற ஜான் ஃபென்னெலி ஓர் ஐரிஷ்காரர். கோட்டையைச் சுற்றி ஐரிஷ் சிப்பாய்கள் நிறைய. அவர்களில் பலர் காய்ச்சலிலும் போரிலும் செத்துப்போக, அனாதையான பிள்ளைகளும் நிறைய. உள்ளூர்க் கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு என்பதே அரிது. ஆயர் தன் நாட்டு மடங்களிடம் ஆள் கேட்டார். மதர் பிரான்சிஸ் சேவியர் கர்ரன் தலைமையில் ஒரு சிறு குழு கப்பல் ஏறி, 1842 ஜனவரி 14 அன்று மெட்ராஸ் வந்து சேர்ந்தது. அதே சமயம் அயர்லாந்திலிருந்து லொரேட்டோ சபையும் கல்கத்தாவில் வந்து இறங்கியது, 1841 டிசம்பர் 30-ல். இரண்டுக்கும் நடுவே இரண்டே வாரம். பின்னாளில் அந்த லொரேட்டோ சபையில் சேர்ந்து, அதிலிருந்து வெளியே வந்துதான் தெரசா தன் சபையைத் தொடங்கினார். ராயபுரத்து நீலக்கரைச் சேலைக்கும் பிரசன்டேஷன் சபைக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு இருக்கிறது.

அன்றைக்கு மெட்ராசில் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நிற்கும். அங்கிருந்து மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை வந்து மோதினால் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த மெட்ராஸ் குறிப்புகளில் இந்தக் கடைசி அரை மணி நேரத்துப் பயம் தவறாமல் இருக்கும். அந்தப் படகுத் தொழில் செய்த மக்கள்தான் சம்பாதித்த காசில் உங்கள் ஊரில் ராயப்பர் கோயிலைக் கட்டியவர்கள். ராயப்பர் என்றால் புனித பேதுரு. ராயபுரம் என்ற பெயரே அங்கிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சிஸ்டர்கள் குடியேறியது கறுப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில். ஆயரின் தலைமைக் கோயில் ஆர்மேனியன் தெருவில், அதாவது நம் ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு என்று சொல்வதில் இருந்தது. ஆமாம், செவ்வாய்க்கிழமை அந்தோணியாரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும் அதே கோயில்தான். பிராட்வே பக்கத்தில் பள்ளியும் அனாதைப் பிள்ளைகள் இல்லமும் வளர்ந்தன. அப்புறம் வேப்பேரி. அப்புறம் 1909-ல் மவுண்ட் ரோடு பக்கம் சர்ச் பார்க். ஜெயலலிதா படித்த பள்ளி என்றால் எல்லாருக்கும் தெரியும். இங்கிருந்தே 1895-ல் ராவல்பிண்டிக்கும் சிஸ்டர்கள் போனார்கள். இன்று அது பாகிஸ்தான். அங்கேயும் சபை இருக்கிறது. வட இந்தியாவில் தில்லி, ஸ்ரீநகர் வரைக்கும் போனார்கள். ஆனால் இந்தியாவில் முதல் அடுப்பு எரிந்தது நம் வட சென்னையில்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கான்வென்ட்டில் மேல் கீழ் இருந்தது. கட்டணம் கட்டும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி, ஏழைகளுக்கு இலவசப் பள்ளி தனி. மடத்துக்குள்ளேயும் படித்த சிஸ்டர்கள் ஒரு வரிசை, சமையலும் துணி துவைப்பதும் பார்க்கும் சிஸ்டர்கள் இன்னொரு வரிசை. அன்றைய எல்லாச் சபைகளிலும் வழக்கம் இதுதான். அந்தக் கட்டணத்தில்தான் இலவசப் பள்ளியும் அனாதை இல்லமும் ஓடின என்பதும் உண்மை. என்றாலும் அதன் வலி வட சென்னைக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. என் பெரியம்மாவை ஒரு கான்வென்ட் பள்ளியில், கட்டணம் பாக்கி என்று வகுப்பு முழுக்க நிற்க வைத்தார்களாம். எழுபது வயதிலும் அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். அதே தெருவில் வளர்ந்த என் அம்மாவோ, பத்து பைசா கட்டாமல் படித்தவர். எம்பிராய்டரி ஊசியை எப்படிப் பிடிப்பது என்று ஒரு வயதான சிஸ்டர் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததை நேற்று நடந்தது போலச் சொல்வார். அந்தத் தையலில்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். இரண்டு கதையும் ஒரே குடும்பத்தில்தான்.

சுவர் எப்போது போனது? 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகக் கத்தோலிக்க ஆயர்களின் மாநாடு, எல்லாச் சபைகளையும் தொடங்கியவரின் முதல் நோக்கத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னது. சிஸ்டர்களுக்குள் இருந்த இரண்டு வரிசையையும் எடுத்துவிடச் சொன்னது. மற்ற சபைகளுக்கு எப்படியோ, பிரசன்டேஷன் சபைக்கு அது பெரிய திருப்பம். நேனோவின் முதல் நோக்கம் என்ன? விளக்கு, சந்து, குடிசை. பள்ளி வேண்டும், ஆனால் பள்ளிச் சுவரோடு வேலை முடியக் கூடாது. தரை தொடும் அங்கி போய்ச் சேலை வந்தது, கிராமத்துக்கும் குடிசைப் பகுதிக்கும் சிஸ்டர்கள் போனார்கள். சிலர் இதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து மதர் மாதிரி இல்லை, இப்போது சிஸ்டர்கள் எல்லாம் ரோட்டில் அலைகிறார்கள் என்று குறைப்படுவார்கள். ரோட்டில் அலைவதற்காகவே தொடங்கிய சபை ஐயா இது. நடுவில் 160 வருடம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்றைய வேலை என்றால், பள்ளிகள் இருக்கின்றன; அது போக மகளிர் சுயஉதவிக் குழு, மாலை நேர வகுப்பு, தையல் பயிற்சி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது, குடும்பச் சண்டையில் அடிபட்ட பெண்களுக்குத் துணை நிற்பது என்று வட சென்னையில் பல சபைச் சிஸ்டர்கள் செய்கிற வேலைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. ஒரு நாள் காசிமேடு பக்கம் சித்தியோடு ஒரு மாலை வகுப்புக்குப் போயிருந்தேன். மாடியில் தகர ஷெட், இருபது பிள்ளைகள், நெத்திலி காயும் வாசனை. ஒரு பெண் வாய்ப்பாட்டை எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். சித்தி திட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். இறால் உரித்து விரல் நுனியெல்லாம் வெந்து கிடந்தது. சரி, இன்றைக்கு நீ சொல்லு, நான் எழுதறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டார். ஏழாம் வாய்ப்பாடு முழுக்க அந்தப் பெண் சொல்ல, சித்தி எழுதினார். வகுப்பு முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினார். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த விரலைப் பார்த்திருக்கவே முடியாது.

இனி உங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி. இன்று போய்ச் சேர்ந்து நாளைக்குச் சிஸ்டர் ஆகிவிட முடியாது, அந்தப் பயம் வேண்டாம். முதலில் சில காலம் பயிற்சி இல்லத்தில் தங்கிப் பழகுவாள்; பெரும்பாலும் கல்லூரிப் படிப்பும் இதோடு நடக்கும். அடுத்தது நவதுறவு, அதாவது துறவு வாழ்க்கைக்கான பயிற்சிக் காலம். திருச்சபைச் சட்டப்படி இது குறைந்தது ஒரு வருடம், கூடிப்போனால் இரண்டு. அது முடிந்து முதல் வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். இது தற்காலிகமானது. மூன்று முதல் ஆறு வருடம் வரைக்கும் இப்படிப் புதுப்பித்துக்கொண்டே வருவார்கள், தேவைப்பட்டால் ஒன்பது வரை நீட்டலாம். அதற்கப்புறம்தான் நித்திய வார்த்தைப்பாடு. இடையில் எந்தக் கட்டத்திலும், இது எனக்கு ஒத்துவரவில்லை என்று அவள் வீட்டுக்கு வரலாம். சபையும் அனுப்பலாம். வந்தால் வீட்டில் யாரும் முகம் சுளிக்காதீர்கள். அதை அவளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அப்போதுதான் வெட்கத்துக்குப் பயந்து அங்கேயே கிடக்க மாட்டாள்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு என்றால் சம்பளம் அவள் கைக்கு வராது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்து சம்பளம் வாங்கினாலும் அது சபைக்குப் போகும். சாப்பாடு, மருத்துவம், முதுமை எல்லாம் சபை பார்த்துக்கொள்ளும். இதை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்தது. சம்பளம் எங்கள் கைக்கே வருவதில்லை, அதில் வருமான வரி பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு, கேரளச் சபைகள் வாதாடின. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சம்பளம் என்று கொடுத்தால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டது. ஆக, உங்கள் அக்கா அவள் சம்பாத்தியத்தை நம்பி இருக்கிறார் என்றால் அதை இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். குடும்பம் கஷ்டத்தில் இருந்தால் சபையிலேயே யோசிக்கச் சொல்வார்கள்.

கடைசியாக, அவளை ஒரே சபையைப் பார்த்து முடிவெடுக்க விடாதீர்கள். "வந்து பாருங்கள்" என்று எல்லாச் சபையும் விடுமுறையில் இறையழைத்தல் முகாம் நடத்துகிறது. இரண்டு மூன்று இடத்துக்குப் போய் வரட்டும். உங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டால் தேதி சொல்வார். பிரசன்டேஷன் மடத்துக்குப் போகும்போது நீங்களும் அக்காவும் கூடவே போங்கள். வரவேற்பறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். இங்கே வயதான சிஸ்டர்கள் யார், அவர்களைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எண்பது வயதுச் சிஸ்டர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், அந்த வாழ்க்கை ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று முகத்தில் தெரிந்துவிடும். அப்புறம் இளம் சிஸ்டர் ஒருவரிடம், நீங்கள் சாயங்காலம் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். அவர் ஒரு தெருப் பெயரைச் சொன்னால், அன்றைக்கே அக்கா மகளையும் அவரோடு அந்தத் தெருவுக்கு அனுப்பி வையுங்கள்.